நெரிசலான வானில் இறங்கும் வேளை



தேர்த்திருவிழாவுக்குச் செல்பவர்களிடையே இரு வகையினரைக் காணலாம். தேர் எத்தனை மணிக்கு அசையும் என்பதை மட்டும் கேட்டறிந்து, அதற்கு அரை மணி நேரம் இருக்கையில் வீட்டை விட்டுப் புறப்படுகிறவர்கள் ஒரு வகையினர். எந்த வீதி எப்போது மறிக்கப்படும், வண்டியை எங்கே நிறுத்தலாம், மழை வந்தால் எங்கே ஒதுங்கலாம், கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்டால் எந்த ஒழுங்கையால் வெளியேறலாம் என்பவற்றையெல்லாம் முதல் நாளே ஆராய்ந்து வைத்துப் புறப்படுகிறவர்கள் மற்ற வகையினர். முதல் வகையினர் சில வேளை தேரைக் காணாது திரும்புவர். அதற்கு மேல் அவர்களுக்குப் பெருங்கேடு எதுவும் நேர்ந்துவிடாது. வீதியில் நெருக்கடி மிகுந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அது தணியும்வரை காத்திருக்க முடியுமல்லவா?

ஆனால், நாம் செல்லும் வண்டி ஆகாய விமானமாக இருந்தால் என்ன செய்வது? விமானத்தை ஆகாயத்தில் ஓரமாக நிறுத்தி வைக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் அது பறக்கும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்துவிட்டால் சிறகுகள் அதனைத் தாங்கமாட்டா. ஓடிக்கொண்டேயிருந்தாலோ எரிபொருள் கணத்துக்குக் கணம் குறைந்துகொண்டே போகும். இந்த நிலையில், ஆயிரக்கணக்கான விமானங்கள் ஒரே ஊரை நாடி, ஒரே வாரத்தில், ஒரே வழியாக வந்து சேர்வதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கூட்டத்தினுள் தமது சொந்த விமானத்தையும் செலுத்திச் செல்ல விரும்பும் ஒருவர், எந்த நாளில், எந்த வேளையில் போவது என்பதை எவ்வாறு தீர்மானிக்கிறார் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில் விஸ்கொன்சின் என்னும் மாநிலம் இருக்கிறது. அங்கே வின்னபேகோ என்னும் பெரிய ஏரியின் மேற்குக் கரையில் ஒஷ்கொஷ் என்ற நகரம் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் யூலை மாதத்தின் கடைசிப் பகுதியில், திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமைவரை, அங்கே பெரியதொரு விமான விழா நடைபெறுகிறது. எயார்வென்சர் என்பது அதன் இன்றைய பெயர். இதனை நடத்துவது பரிசோதனை விமானச் சங்கம் என்ற அமைப்பாகும். வீட்டுக் கொட்டகையிலே தம் கையாலேயே விமானம் கட்டிப் பறந்தவர்களை ஒன்று சேர்த்து, போல் பொபெரெஸ்னி என்பவர் 1953 ஆம் ஆண்டில் மில்வோக்கி நகரில் இச்சங்கத்தைத் தொடக்கினார். அவ்வாண்டிலே நடந்த முதல் ஒன்றுகூடலுக்கு வந்த விமானங்களை எளிதில் எண்ணிவிடலாம். 1959 இல் விழா இலினோய் மாநிலத்து றொக்போட் நகருக்கு இடம் மாறியது. 1970 இல் ஒஷ்கொஷுக்கு வந்து அங்கேயே நிலைபெற்றது. பெருந்தொற்றுக் காரணமாக 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் விழா நடைபெறவில்லை.

இன்று அவ்விழாவின் அளவு நம்மை மலைக்கச் செய்வதாகும். 2023 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 677,000 பேர் அங்கே வந்தனர். ஒஷ்கொஷிலும் அயலிலுள்ள நிலையங்களிலும் வந்திறங்கிய விமானங்கள் 10,000 க்கு மேற்பட்டவை. ஒஷ்கொஷ் நிலையம் திறந்திருந்த நேரங்களைக் கணக்கிட்டால், விழாவை ஒட்டிய 11 நாட்களிலும் சராசரியாக மணிக்கு 148 விமானங்கள் அங்கே ஏறியோ இறங்கியோ இருக்கின்றன. அதாவது, நிமிடத்துக்கு இரண்டுக்கும் அதிகம். விமானப் பந்தய வீரர் ஸ்ரீவ் விற்மன் என்பவரின் பெயரைத் தாங்கிய அந்த நிலையம், ஆண்டின் மற்றைய நாட்களில் ஒரு சாதாரண மாகாண விமான நிலையமே. அந்த ஒரு வாரத்தில் மட்டும் அதன் கட்டுப்பாட்டுக் கோபுரம் உலகிலேயே மிகுந்த வேலையுள்ள கோபுரமாகிவிடுகிறது.

இத்தனை விமானங்களை மோதவிடாது இறக்குவது எப்படி? இதற்கென அமைத்த ஒழுங்கு மிகவும் எளியது. அந்த எளிமையிலேயே அதன் பலம் இருக்கிறது. ஒஷ்கொஷுக்குத் தென்மேற்கே ரிப்பன் என்ற சிறு நகரம் உண்டு. அங்கிருந்து வடகிழக்காகச் செல்லும் புகையிரதப் பாதையைத் தொடர்ந்தால் பிஸ்க் என்ற குக்கிராமம் வரும். கண்ணால் நிலத்தைப் பார்த்துப் பறந்து வரும் சிறு விமானங்கள் யாவும் ரிப்பனுக்கு வந்து, அங்கிருந்து அந்தப் புகையிரதப் பாதையின் நேர் மேலாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லல் வேண்டும். உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி. அதாவது, நிலத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி. வேகம் மணிக்கு 90 கடல் மைல். முன் செல்லும் விமானத்துக்கும் தமக்கும் இடையில் அரை மைல் இடைவெளி. இவ்வளவு மெதுவாகப் பறக்க இயலாத விமானங்களுக்கு 2,300 அடி உயரத்தில், 135 கடல் மைல் வேகத்தில் வேறொரு வரிசை உண்டு. எவரும் எவரையும் முந்தக் கூடாது. இருவர் அருகருகே செல்லலாகாது. முன்னவரை நெருங்கிவிட்டோம் என்பதற்காகப் பாம்புபோல வளைந்து வளைந்து செல்லவும் இடமில்லை. இடைவெளியைக் காக்க முடியாதவர் வரிசையை விட்டு விலகி, மீண்டும் தொடக்கத்துக்குப் போய், புதிதாக வரிசையிற் சேர வேண்டும்.

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இதிலே சுவையான செய்தி ஒன்று உண்டு. வரிசையில் வரும் விமானிகள் வானொலியில் பேசுவதில்லை. அவர்கள் கேட்பதற்கு மாத்திரமே கடமைப்பட்டவர்கள். நூறு பேர் ஒரே அலைவரிசையிற் பேசத் தொடங்கினால் எவர் பேச்சும் எவருக்கும் கேளாமற் போய்விடுமன்றோ? ஆகையால், பிஸ்க் கிராமத்திலே நிலத்தில் நிற்கும் அலுவலர்கள் தொலைநோக்குக் கண்ணாடியால் வானத்தைப் பார்த்து, வருகின்ற விமானத்தை அதன் நிறத்தாலும் உருவத்தாலும் அழைப்பார்கள். சிறகு மேலே பொருந்திய சிவப்பு விமானமே, உன் சிறகை அசைத்துக் காட்டு என்பதுபோல அந்த அழைப்பு இருக்கும். விமானி சிறகுகளை இடமும் வலமுமாக அசைப்பார். அதுவே அவருடைய விடை. பின்னர், புகையிரதப் பாதையைத் தொடர்ந்து செல்வதா, அன்றி வீதியைத் தொடர்ந்து செல்வதா, எந்த ஓடுபாதையில் இறங்குவது என்ற கட்டளை வரும். ஓடுபாதையில் பச்சை, செம்மஞ்சள் முதலிய நிறங்களில் பெரிய வட்டங்கள் தீட்டப்பட்டிருக்கும். குறித்த நிற வட்டத்தின் மேலேயே சக்கரத்தைப் பதிக்கும்படி கூறுவார்கள். இதனால், ஒரே ஓடுபாதையில், ஒரே வேளையில், முன்னும் பின்னுமாக ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்க முடிகிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் இந்த அலுவலர்கள் அணியும் பளிச்சென்ற இளஞ்சிவப்புச் சட்டை, விமானிகளிடையே பெயர் பெற்ற ஓர் அடையாளமாகும்.

இந்த ஒழுங்கு நன்றாக இயங்குகிறது. ஆயினும் எந்த வாய்க்காலுக்கும் ஓர் அளவு உண்டு. அளவுக்குட்பட்ட நீர் வரும்போது அமைதியாக ஓடும் வாய்க்கால், அணை திறந்த வெள்ளம் வரும்போது கரை புரண்டுவிடும். 2018 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதுவே. விழா தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் முகில்கள் தாழ்ந்து கிடந்தமையால், கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானங்கள் ஒஷ்கொஷை அணுக முடியாமற் போயிற்று. வழியிலுள்ள விமான நிலையங்களிலே விமானங்கள் வந்து வந்து தேங்கின. ஞாயிறு பிற்பகலில் வானம் வெளித்ததும், எல்லோரும் ஒருங்கே கிளம்பினர். ரிப்பனை அடைந்தபோது வரிசை நிறைந்திருந்தது. ஏரிகளைச் சுற்றி வட்டமிடும்படி கட்டளை பிறந்தது. வட்டமிட்டவர்கள் மேல் மேலும் மேலும் புதியவர்கள் வந்து சேர்ந்தனர். வேகம் வேறுபட்ட விமானங்கள், உயரம் தவறிய விமானங்கள், வரிசையின் நடுவே புகுந்த விமானங்கள் என்று அந்த வானம் கலங்கிப் போயிற்று. நெடுநேரம் வட்டமிட்டும் இறங்கமாட்டாது வேறிடங்களுக்குத் திரும்பியவர் பலர். இந்த அனுபவத்தின் பின்னர் வருகை ஒழுங்கு மாற்றியமைக்கப்பட்டது. நெருக்கடி மிகும்போது வரிசையின் தொடக்கத்தை ரிப்பனுக்கு அப்பால், கிறீன் ஏரி, பக்கவே ஏரி, என்டெவர் பாலம் எனப் படிப்படியாகப் பின்னே தள்ளும் முறை இப்போது உண்டு. வரிசையை நீட்டினார்கள், ஆயினும் ஓடுபாதையை நீட்ட முடியவில்லை. எனவே, எப்போது வருவது என்ற கேள்வி விமானியின் தலையிலேயே வந்து விழுகிறது.

இதை விளங்கிக்கொள்ள ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்வோம். கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரிலே ஒரு பள்ளி ஆசிரியர் இருக்கிறார். அவரிடம் நான்கு பேர் அமரக்கூடிய பழைய செஸ்னா 172 விமானம் ஒன்று உண்டு. மனைவியையும் பதினான்கு வயது மகனையும் ஏற்றிக்கொண்டு ஒஷ்கொஷ் விழாவுக்குச் சென்று, தம் விமானத்தின் சிறகின் கீழேயே கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. தூரம் ஏறத்தாழ 550 கடல் மைல். மணிக்கு 110 கடல் மைல் வேகத்தில் ஐந்து மணி நேரப் பயணம். எப்போது புறப்படுவது?

முதலில் நாளை எண்ணுகிறார். விழா தொடங்குவதற்கு முந்திய சனியும் ஞாயிறும் எல்லோருக்கும் வசதியான நாட்கள். வெள்ளிக்கிழமைவரை வேலை பார்த்துவிட்டு, திங்கட்கிழமைத் தொடக்க விழாவுக்கு வந்து சேர விரும்புவோர் எல்லோரும் அந்த இரு நாட்களையே தெரிந்துகொள்கிறார்கள். எல்லோருக்கும் வசதியான நாளே எல்லோருக்கும் இடைஞ்சலான நாளாகிவிடுகிறது. அன்றியும், கூட்டமாகப் பறந்து வருவோரின் குழுக்களும் அந்நாட்களிலேயே வருகின்றன. பொனான்சா வகை விமானங்களை உடையோர் 1990 ஆம் ஆண்டு முதல் றொக்போட் நகரில் ஒன்று கூடி, நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களாக அணிவகுத்து வருவது வழக்கம். இத்தகைய அணி இறங்கும்போது ஏனையோருக்கு நிலையம் மூடப்படும். ஒருவர் சரியான வேளையில் ரிப்பனை அடைந்தாலும், அந்த வேளை அணியின் வேளையாக இருந்துவிட்டால் வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இந்த நேரங்களெல்லாம் ஆண்டுதோறும் வெளியிடப்படும் வருகை அறிவித்தலிலே முன்கூட்டியே அச்சாகின்றன. படிப்பவருக்கு அவை பயன்படும். படியாதவருக்கு அவை ஆகாயத்திலே தெரியவரும்.

ஆகவே நம் ஆசிரியர் முந்திய வெள்ளிக்கிழமையைத் தெரிந்துகொள்கிறார். அப்போது வரிசை மெலிந்திருக்கும். விமானம் நிறுத்துவதற்கும் கூடாரம் அடிப்பதற்கும் நல்ல இடம் கிடைக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு மூன்று நாட்கள் கூடுதலாக விடுமுறை எடுக்க வேண்டும், செலவும் கூடும். அதற்கு இயலாதவர், தொடக்கத்தை விட்டுவிட்டு விழாவின் நடுவிலே, புதன் அல்லது வியாழனில் வரலாம். முதலில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் அப்போது திரும்பிப் போயிருப்பர். தொடக்கத்தை விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பன்று; விழா ஏழு நாள் நடப்பது.

அடுத்து வேளையை எண்ணுகிறார். அதிகாலையில் வானம் அமைதியாக இருக்கும் என்பது பொதுவான எண்ணம். ஏரிகள் நிறைந்த அந்த நாட்டிலோ விடியற்காலையில் மூடுபனி கவிவதுண்டு. மேலும், முதல் நாள் இறங்க முடியாது அயலிலே தங்கியவர்கள் எல்லோரும் நிலையம் திறக்கும் அந்தக் காலை வேளைக்கே காத்திருப்பார்கள். பிற்பகலில் வேறொரு சங்கடம். விழா நாட்களில் சாகசப் பறத்தல் நடைபெறும்போது, பிற்பகலின் நடுவிலிருந்து மாலைவரை ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிலையம் மூடப்பட்டிருக்கும். மூடுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில், கதவு சாத்துவதற்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோரையும் பிடித்துக்கொள்ளும். சாகசம் முடிந்த பின்னரோ, இரவு 8 மணிக்கு நிலையம் மூடப்படும் என்ற அவசரம். யூலை மாதத்துப் பிற்பகல்களில் அப்பகுதியில் இடிமழையும் எழக்கூடும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், காலையின் முதல் வெள்ளம் வடிந்து, மூடுபனியும் விலகி, பிற்பகல் அவசரம் தொடங்குவதற்கு முன்னுள்ள முற்பகல் வேளையே சிறந்தது என்று தெரிகிறது. பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் ரிப்பனை அடைவது என்று அவர் குறித்துக்கொள்கிறார்.

முற்பகலில் ரிப்பனை அடைவதென்றால் விச்சிற்றாவிலிருந்து நள்ளிரவு கழிந்து சில மணி நேரத்திலே புறப்பட வேண்டும். உறக்கம் கெட்ட விமானி, ஐந்து மணி நேரம் பறந்து களைத்த நிலையில், வாழ்நாளிலேயே மிகவும் நெருக்கமான வானத்தினுள் நுழைவது அறிவுடைமையாகுமா? ஆகாது. ஆகவே வியாழக்கிழமையே புறப்பட்டு, வழியில் இறங்கி இளைப்பாறி, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள டுபியூக் நகரில் இரவு தங்குவது என்று முடிவு செய்கிறார். அங்கிருந்து ரிப்பன் ஏறத்தாழ 120 கடல் மைல். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய பயணம். மறுநாட் காலையில் வானிலை அறிக்கையைப் பார்த்து, உடல் தெளிவோடும் மனத் தெளிவோடும் புறப்படலாம்.

டுபியூக்கிலே தங்குவதனால் மற்றொரு பெரும் பயனும் உண்டு. எரிபொருட் கலத்தை அங்கே முழுமையாக நிரப்பலாம். அவருடைய விமானம் 40 கலன் பெற்றோல் கொள்ளும்; மணிக்கு ஏறத்தாழ 8 கலன் எரிக்கும். ரிப்பனை அடையும்போது 10 கலன் செலவாகி 30 கலன் மீந்திருக்கும். இங்கேதான் அவர் ஒரு கோட்டைக் கீறிக்கொள்கிறார். 20 கலன் என்னும் அளவுக்கு எரிபொருள் குறைந்ததும், வரிசையிலே எத்தனை பேர் முன்னால் இருந்தாலும், இறங்கும் முறை அடுத்ததாகத் தமக்கே வருவதுபோலத் தோன்றினாலும், அங்கிருந்து விலகிவிடுவது என்பதே அந்தக் கோடு. இதன்படி, ஒரு மணி நேரத்துக்கு மேலாக வட்டமிட்டுக் காத்திருக்க அவரால் முடியும். அதற்குப் பின்னரும் இரண்டரை மணி நேர எரிபொருள் எஞ்சியிருக்கும். பொன்டுலாக், அப்பிள்ரன் போன்ற அயல் நிலையங்களுக்குப் போகலாம். அவையும் நிறைந்துவிட்டாலோ, புறப்பட்ட டுபியூக்குக்கே திரும்பினாலும் மேலும் ஒரு மணி நேரத்துக்குப் போதிய எரிபொருள் கலத்தில் இருக்கும். பகலிலே கண்ணால் பார்த்துப் பறப்போர் அரை மணி நேரத்துக்குரிய எரிபொருளை மிகுதியாக வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கூறுகிறது. சட்டம் கூறும் அளவு சாதாரண நாளுக்கு உரியது. ஒஷ்கொஷ் வாரமோ சாதாரண வாரமன்று.

இந்தக் கோட்டைப் புறப்படுவதற்கு முன்னரே, தரையிலே இருந்து, அமைதியான மனத்தோடு கீறிக்கொள்ள வேண்டும். ஆகாயத்திலே, மகன் பின்னாலிருந்து, அதோ ஒஷ்கொஷ் தெரிகிறது அப்பா என்று கூவும்போது, எந்தத் தந்தைக்கும் 20 கலன் என்பது 15 கலனாகத் தோன்றும். 15 கலன் 10 கலனாகத் தோன்றும். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று மனம் சொல்லும். ஆண்டு முழுவதும் கண்ட கனவு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கையில் திரும்பிப் போவது எளிதன்று. விமானம் ஓட்டுவோர் பலரைக் கேட்டுப் பாருங்கள். போய்ச் சேர்ந்தேயாக வேண்டும் என்ற இந்தப் பிடிவாதத்தையே, இடிமழையை விடவும் மூடுபனியை விடவும் தாம் அஞ்சுவதாகக் கூறுவார்கள். இடிமழையைக் கண்ணால் காணலாம். பிடிவாதமோ நம் சொந்த அறிவின் குரலைப்போலவே பேசும்.

அதனாலேதான் நம் ஆசிரியர் மகனுக்கு முன்னரே ஒன்றைச் சொல்லி வைக்கிறார். வெள்ளிக்கிழமை ஒஷ்கொஷில் இறங்குவோம் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை முயன்று பார்ப்போம். முடியாவிட்டால் அயலூரில் இறங்கி நிலவழியாகப் போவோம். அதுவும் முடியாவிட்டால் டுபியூக்கில் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூட்டம் தணிந்த பின் போவோம் என்றே சொல்லியிருக்கிறார். மூன்றும் பயணத் திட்டத்தின் பகுதிகளே, எதுவும் தோல்வியன்று. பிள்ளையின் ஏமாற்றத்துக்கு அஞ்சித் தந்தை தவறு செய்யாதிருப்பதற்கு இதைவிட நல்ல காப்பு வேறில்லை.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வானம் தெளிந்திருந்தாற் போதும், இறங்கிவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. விமானங்கள் நிறுத்தப்படுவது புல்வெளியிலே என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2010 ஆம் ஆண்டில், விழாவுக்கு முன்னர் பெய்த பெருமழையினால் அந்தப் புல்வெளிகள் சேறாகிவிட்டன. வானம் திறந்திருந்தும், நிறுத்த இடமில்லாமையால், வந்த விமானங்கள் பல அயல் நிலையங்களுக்குத் திருப்பப்பட்டன. ஆகவே, வானத்தை மட்டுமன்று, முதல் இரண்டு மூன்று நாள் மழையையும் விசாரித்துப் புறப்பட வேண்டும். தரையிற் சேர்ந்த பின்னரும் இடிமழைக் காற்று சிறு விமானங்களைப் புரட்டிவிடக் கூடும் என்பதால், விமானத்தைக் கட்டி நிறுத்துவதற்குரிய முளைகளையும் கயிற்றையும் ஒவ்வொருவரும் தம்முடன் எடுத்துச் செல்வது முறை.

இனி, எந்த வேளையில் போனாலும் வேண்டப்படுவது பயிற்சி. மணிக்கு 90 கடல் மைல் என்ற ஒரே வேகத்தை, உயரம் தவறாது, நெடுநேரம் காப்பது பழகாதவருக்குக் கடினம். குறித்த இடத்திலே சக்கரத்தைப் பதிப்பதும் அவ்வாறே. முன்னவர் மெதுவாகச் செல்கிறார் என்று தாமும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால், நான் முன்னர் கூறியபடி, சிறகுகள் தாங்கமாட்டாத நிலை வந்துவிடும். 1,000 அடி உயரத்தில் அது நேர்ந்தால் மீள்வதற்கு நேரமில்லை. ஆசிரியர் தம் ஊர் நிலையத்திலே பல மாலைகள் இவற்றைப் பழகுகிறார். வருகை அறிவித்தலை வீட்டில் மூவரும் படிக்கிறார்கள். பறக்கும்போது மனைவி அறிவித்தலை மடியில் விரித்து, அடுத்த அடையாளம் எது என்று சொல்லுவார். மகன் இடப்புறத்தும் வலப்புறத்தும் வேறு விமானங்கள் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பான். ரிப்பனுக்கு முன்னர் தொடங்கி, சக்கரம் தரையிற் படும்வரை, வேறு பேச்சு எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டுபியூக்கில் வானம் நன்றாக இருக்கிறது. அவர்கள் புறப்படுகிறார்கள். ரிப்பனுக்கு இன்னும் பல மைல்கள் இருக்கையிலேயே, ஒஷ்கொஷின் பதிவு செய்த வானொலி அறிவித்தலைக் கேட்கத் தொடங்குகிறார்கள். எந்த ஓடுபாதை பயன்படுகிறது, வரிசை எங்கே தொடங்குகிறது, நிறுத்த இடம் இருக்கிறதா என்பன அதிலிருந்து தெரியவருகின்றன. ரிப்பனுக்கு மேலே, முன்னால் ஒரு மஞ்சள் விமானம். அரை மைல் இடைவெளி விட்டு அதன் பின்னே சேர்கிறார்கள். கீழே புகையிரதப் பாதை. சிறிது நேரத்தில் பிஸ்க். வானொலியில் ஒரு குரல், வெள்ளையும் நீலமுமான விமானத்தை அழைக்கிறது. ஆசிரியர் சிறகை அசைக்கிறார். நல்வரவு கூறிய குரல் அடுத்த விமானத்தை அழைக்கத் தொடங்கிவிடுகிறது. சில நிமிடங்களில், பச்சை வட்டத்தின் மேல் சக்கரம் பதிகிறது.

அன்று அவ்வாறு நடக்காமலும் போகலாம். ஏரியைச் சுற்றி நெடுநேரம் வட்டமிட்டு, எரிபொருட் காட்டி 20 கலனைத் தொட்டதும், அவர் ஒரு சொல்லும் சொல்லாது விமானத்தைத் திருப்பி, அயலூரில் இறங்கியிருக்கலாம். அங்கிருந்து வீதி வழியாக விழாவுக்குச் சென்றிருக்கலாம். அந்த இரண்டாவது பயணம் முதலாவதிலும் தாழ்ந்தது என்று எவரும் கூற முடியாது. இரண்டிலும் மூவரும் நலமாகவே விழாவைக் கண்டனர்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அந்த ஒழுங்கு நம் கருத்தில் நிற்கத்தக்கது. காலத்தை அறிவதற்கு முன்னர் தன் வலிமையை அறிய வேண்டும். காலத்தை அறிந்த பின்னர் இடத்தையும் அறிய வேண்டும். ஒஷ்கொஷுக்குப் பறக்கும் விமானி நாட்காட்டியைப் பார்த்து நாள் குறிப்பதோடு அவருடைய வேலை முடிந்துவிடுவதில்லை. தம் கைத்திறன் எவ்வளவு, தம் கலத்திலுள்ள எரிபொருள் எவ்வளவு என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். இறங்க முடியாதபோது ஒதுங்கும் இடம் எது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இவை தெரிந்தவருக்கே வேளை குறிக்கும் தகுதி உண்டு.

நம்மில் மிகப் பெரும்பாலோர் விமானம் ஓட்டப் போவதில்லை. ஆயினும் கூட்டம் கூடும் இடங்களுக்கு நாமெல்லோரும் போகிறோம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறோம். போகும் நேரத்தைக் குறிக்கும்போதே திரும்பும் வழியையும் குறித்துக்கொள்வது, கூடவே ஒரு நாளை மிகுதியாக ஒதுக்கி வைப்பது, இன்று முடியாவிட்டால் நாளை என்று பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லி வைப்பது ஆகிய பழக்கங்களுக்குச் செலவு மிகச் சிறிது. ஒஷ்கொஷின் வானத்திலே அவை உயிரைக் காக்கின்றன. நம் ஊர் வீதிகளிலும் அவை வீண்போகமாட்டா.